அதே உருளை, அதே இடம்

"மெஷின் எங்க அடிக்கடி மக்கர் பண்ணுதோ, அங்கதாம்மா பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்கன்னு அர்த்தம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உனக்கு?"

பல்கலைக்கழகத்தின் மொழித்துறை மாடிப்படியில் ஏறிக்கொண்டே சொன்னார் அப்பா. கையில் கருவிப்பெட்டி. ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பதில் இருபத்திரண்டு வருட அனுபவம். அந்த அனுபவத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது என்பது அவர் எண்ணம்.

பின்னால் வந்த மகள் ஃபோனில் மணி பார்த்தாள். மூன்றரை. ஐந்து மணிக்குள் இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தேர்வு செய்தாக வேண்டும். இரண்டிலுமே மொழியும் இலக்கியமும் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"அந்தப் புது யுனிவர்சிட்டில பதினோரு மொழி சொல்லித் தர்றாங்கப்பா. லைப்ரரியே ஆறு மாடி."

"இருக்கட்டுமே! அங்க மொழித்துறை மெஷினைத் தூசி தட்டத்தான் வருஷத்துக்கு ஒருதடவை போறேன். இங்க மாசம் ரெண்டு தடவை ஃபோன் வந்துரும். பேப்பர் சிக்கிருச்சு, உடனே வாங்கன்னு. அவ்வளவு ஓட்டம்!"

"இங்க மெஷின் பழசா இருக்கும்."

"ரெண்டும் ஒரே மாடல், ஒரே வருஷம், நானே மாட்டினது. இன்னொண்ணு கேளு. வேலை முடிஞ்சதும் டெஸ்ட் காப்பி எடுப்பேன்ல? கண்ணாடி மேல என்ன இருக்கோ அதைத்தான் எடுப்பேன். மூணு வருஷமா அதே கதை, ஒவ்வொரு தடவையும் அடுத்த பக்கம். பாடம் எவ்வளவு ஒழுங்கா நடக்குதுன்னு பாத்துக்க!"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கதை அவளுக்கும் தெரியும். யாரோ கொடுத்த கடிதத்தை உரியவரிடம் சேர்க்க ஊர் ஊராக அலையும் கிழவனின் கதை. அப்பா கொண்டுவரும் ஒற்றைப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டையே நடக்கும்.

ஆனால் கதை வேறு, மூன்று வருடப் படிப்பு வேறு. போன வாரம் புதிய பல்கலைக்கழகத்தில் நான்கு பேராசிரியர்களைப் பார்த்தாள். எல்லோரும் பதிவு எண்ணைக் கேட்டார்களே தவிர, என்ன படிக்கப் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போய்விடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்?

"வாங்க மெக்கானிக் சார்! மறுபடியும் சிக்கிருச்சு" என்று வரவேற்றார் துறைத்தலைவி. மூக்குக் கண்ணாடியை உச்சந்தலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

அப்பா மெஷினைத் திறந்து, நீளமான காகிதக் கிழிசல் ஒன்றை உருவினார். "பாத்தியா? அதே உருளை, அதே இடம். இவ்வளவு ஓட்டத்துக்கு உருளை தேய்ஞ்சிருக்கணும். தேயவே இல்ல. அதிசயமான மெஷின்!"

மூடினார். டெஸ்ட் காப்பி வந்தது. நின்றபடியே படிக்க ஆரம்பித்தவரின் முகம் சுருங்கியது.

"என்ன மேடம் இது? கிழவன் 'தங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்'ங்கறான். இத்தனை பக்கமா யார்கிட்டயும் வாயத் தொறக்காதவன் இப்படியா பேசுவான்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கேப்பான். அவ்வளவுதான்."

துறைத்தலைவி அவசரமாகப் பென்சிலைத் தேடி எதையோ குறித்துக்கொண்டார். அதை மகள் கவனித்தாள்.

"இது உங்க பொண்ணா? என்னம்மா படிக்கப் பிடிக்கும் உனக்கு?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "மொழிதான் மேடம்! இங்கதான் சேரணும்னு சொல்லிட்டேன். மெஷின் மாசம் ரெண்டு தடவை படுத்துக்கிற அளவுக்குப் படிக்கிற இடம் வேற எங்க இருக்கு?"

துறைத்தலைவியின் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதை நம்பியா பொண்ணைச் சேர்க்கறீங்க? ஐயோ, வேண்டாம் சார். இந்த மெஷின் மூணு வருஷத்துல ஒருநாள்கூட கெட்டதில்ல."

"அப்போ பேப்பர்?"

"கிழிச்சுச் சொருகினது நான்தான்."

அப்பா கையிலிருந்த கிழிசலையே பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவம் ஒரு நிமிடத்தில் வெளிறிப்போனது. மகளுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"ஏன் மேடம்?" என்று அவள்தான் கேட்டாள்.

துறைத்தலைவி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். எழுபது பக்கமாவது இருக்கும். எல்லாப் பக்கத்திலும் பென்சில் திருத்தங்கள்.

"இது பாடமே இல்லம்மா. நான் மொழிபெயர்த்துட்டிருக்கிற நாவல். மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல் பக்கம் தெரியாம மெஷின் கண்ணாடி மேல கெடந்துச்சு. வருஷ சர்வீஸுக்கு வந்த உங்கப்பா அதைப் படிச்சுட்டு, 'துக்கத்துல இருக்கிறவன் இவ்வளவு நீளமா பேசுவானா மேடம்?'னு கேட்டுட்டுப் போனார். பக்கத்தையே மாத்தி எழுதினேன். அதுக்கப்புறம் அவர் பார்க்காம ஒரு பக்கத்தையும் முடிக்க எனக்கு மனசு வரல. கம்ப்ளெயின்ட் இல்லாம கம்பெனி அவரை அடிக்கடி அனுப்பாதே, நான் வேற என்ன பண்ண?"

மகள் அந்தக் கட்டைப் புரட்டினாள். ஓரங்களில் எல்லாம் ஒரே குறிப்பு: 'மெக்கானிக் சொன்னபடி.'

ஐந்து மணிவரை அவள் காத்திருக்கவில்லை. அங்கேயே ஃபோனை எடுத்து இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தொட்டாள்.