கடிவாளத்தை விட்டுப் பார்த்தால்

“குறையைச் சொல்லி விக்கிற குதிரையைத் திருப்பி எடுத்துக்க மாட்டோம்மா. சொல்லாத குறை இருந்தா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வரலாம். சொன்ன குறைன்னா, அது உங்க தலையெழுத்து.”

ஏலக்கூடத்து குமாஸ்தா நிபந்தனைகளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, எதிரில் நின்ற அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். அன்று ஏலத்துக்கு வந்தவை போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள். வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். இந்த அம்மாளோ குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் குறையைப் பற்றியே துருவிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் குறையை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“சாயங்காலம் லாயத்துக்குத் திரும்பும்போது, பாலத்துக்குப் பக்கத்து முக்குல இடது பக்கம் திரும்பப் பார்க்கும். கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சாத்தான் நேரா வரும்.”

“பிடிக்கலைன்னா? எங்க போகும்?”

“யாருக்குத் தெரியும்? இப்ப ஓட்டுறவர் ஒரு நாளும் விட்டுப் பார்த்ததில்ல.”

“நான் விட்டுப் பார்க்கணும்” என்றாள் அவள்.

கூட வந்திருந்த தம்பி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“அக்கா, உன் வீடு மூணாவது மாடி. குதிரையை எங்க கட்டப் போற? பால்கனியிலயா?”

“வாடகை லாயத்துல பேசி வெச்சிருக்கேன்.”

“மாமா போனதுலேர்ந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சு.”

“உங்க மாமா போலீஸ் டியூட்டியில ஏறின குதிரைடா அது.”

“அதுக்காக வளையலை வித்தா வாங்குவாங்க?”

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “தினமும் அரை மணி லேட்டாத்தான் வருவாரு. கேட்டா, குதிரைக்குத் தண்ணி காட்டினேன்னு ஒரே பதில். நானும் நம்பினேன். துக்கம் கேக்க வந்தானே ஒரு கான்ஸ்டபிள், ‘அந்தக் குதிரைக்கு லாயத்தைத் தவிர இன்னொரு வீடும் உண்டு’ன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கப்சிப். அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கம் ஏது? அது எவ வீடுன்னு எனக்குத் தெரியணும். குதிரை பொய் சொல்லாது.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற? மனுஷனே போயாச்சு.”

“அவர் போயாச்சு. நான் இருக்கேனே!”

தம்பி அவளோடு போய் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஏலம் ஆரம்பித்தது. குதிரையின் வயது, உயரம் எல்லாம் சொல்லிவிட்டு ஏலம் விடுபவர் குறையையும் உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது. ஊர் சுற்றுகிற குதிரையை யார் கேட்பார்கள்? அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

“வேற யாராவது?”

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. திரும்பிப் பார்த்தவளுக்கு உச்சந்தலை சூடேறியது. நாத்தனார்!

“இவ எங்க வந்தா இங்க?”

மாமியார் விட்டுப் போன தையல் மெஷின் யாருக்கு என்பதில் தொடங்கிய சண்டை அது. மெஷின் இவளிடம் வந்தது, பேச்சு நின்றது. அதோடு விட்டாளா இவள்? “உங்க தங்கச்சி வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க” என்று கணவனைப் பிடித்துக்கொண்டாள். அவரும் மறுபேச்சு இல்லாமல் செய்து கொடுத்தார். சொன்ன சொல் மாறாத மனுஷன். அதனால் அந்த விஷயத்தில் அவளுக்கு அவர்மேல் என்றுமே சந்தேகம் வந்ததில்லை. அதன் பிறகு நாத்தனார் வேறு வீடு மாறிப் போனதாகக் கேள்வி. எங்கே என்று இவள் விசாரிக்கவும் இல்லை.

இவள் விலையை ஏற்றினாள். நாத்தனாரும் ஏற்றினாள். கூட்டத்துக்கு நல்ல வேடிக்கை.

“மெஷின்ல தோத்ததுக்குக் குதிரையில பழி வாங்குறா பாரு” என்று பல்லைக் கடித்தாள் அவள்.

“போதும்க்கா, கையில இருக்கிறது தீர்ந்துடும்.”

“தீரட்டும்.”

மறுபடி ஏற்றினாள். நாத்தனார் கையைப் பாதி தூக்கினாள். மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். மெல்லக் கையை இறக்கிக்கொண்டாள்.

சுத்தியல் விழுந்தது.

“இந்த நிமிஷத்திலேர்ந்து குதிரை உங்க பொறுப்பும்மா. அது எங்க போனாலும், என்ன பண்ணினாலும் எங்களைக் கேக்கக் கூடாது” என்று கயிற்றை அவள் கையில் கொடுத்தார் குமாஸ்தா.

பாலத்து முக்கு வரை நடந்தே போய்விடுவது, அங்கிருந்து குதிரை விட்ட வழி என்று மனதுக்குள் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கயிற்றை இழுக்காமல் தளர்த்தி, “நட, நீ போற இடத்துக்குப் போ” என்றாள்.

குதிரை காதை விடைத்தது. வெளிவாசல் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போய் நின்று, நாத்தனாரின் கைப்பைக்குள் உரிமையோடு மூக்கை நுழைத்தது. அவளும் பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினாள்.

கயிற்றைப் பிடித்திருந்தவள் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாள் கற்பனையில் எத்தனையோ முகங்களைப் பார்த்தாயிற்று. இந்த முகம் ஒரு தடவைகூட வந்ததில்லை.

“உன் வீட்டுக்கா வந்தாரு? என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரே...”

“சத்தியத்தை மீறலை அண்ணி” என்றாள் நாத்தனார், குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே. “வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னுதான், கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட அண்ணன் குதிரையை விட்டுக் கீழ இறங்கினதே இல்ல.”