இரண்டாவது இலை

இந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் எல்லைக்கு அப்பால், மைசூர்ப் பக்கம் குடிக்கப் போன சென்றாயன் திரும்பி வரவில்லை. அன்றிரவு ஆற்றில் வெள்ளம். விடிந்ததும் கரையெல்லாம் தேடிய அவன் மனைவி கெம்பம்மா, கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

“நீங்க பிடிச்சு வெச்சிருக்கறவங்க பேரைக் கேட்டா சொல்லுவீங்களாய்யா?”

“யாரு வேணும்னாலும் கேக்கலாம்மா.” ரைட்டர் பதிவேட்டைப் புரட்டினார். “சென்றாயன், கெலவரப்பள்ளி. குடி கேஸ். உள்ளதான் இருக்கான்.”

“நல்லா இருப்பீங்க சாமி.” அவள் கும்பிட்டாள்.

“புருசனைப் பிடிச்சதுக்குக் கும்பிடற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்று சிரித்த ரைட்டர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா நாங்க பிடிக்கலம்மா. காலையில பாத்தா உள்ள கெடந்தான்; சாராய வாடை அடிச்சுது, அதான் கேஸ் எழுதினேன். பூட்டு பூட்டினபடி இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு.”

கம்பிக்குப் பின்னாலிருந்து சென்றாயன் சொன்னான்: “தண்ணி இழுத்துக்கிட்டுப் போச்சு கெம்பி. யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு. ‘இங்க இரு, தேடி வருவாங்க’ன்னாரு.”

கெம்பம்மா வீட்டுக்குப் போய்க் களி கிண்டி, இரண்டு உருண்டையை இரண்டு இலையோடு பாத்திரத்தில் கொண்டுவந்தாள்.

“ஒரு கைதிக்கு ரெண்டு இலையா?” என்றார் ரைட்டர்.

“இன்னொண்ணு கூட்டியாந்தவருக்குய்யா. அவரும் ராத்திரியெல்லாம் பட்டினிதானே.”

ரைட்டர் லாக்கப்பைத் திறந்தார். காலியாயிருந்த மூலையில் இரண்டாவது இலையை வைத்து, அவரே பூட்டினார்.

சாயங்காலம் பாத்திரம் எடுக்க வந்தவளிடம், “நான் அதைத் தொடல கெம்பி,” என்றான் சென்றாயன்.

மூலையில் களி இல்லை. வயிறு நிறைந்தவர் மடிப்பதுபோல் இலை உள்பக்கமாக மடிந்திருந்தது. அதன்மேல் ஆற்றுமணல் ஈரமாக ஒட்டியிருந்தது.