வரவேற்பு

ஊட்டிக்கு லீவில் வந்தவர்களுக்கு, வழியிலிருந்த நூல் மில்லையும் சுற்றிக் காட்டினார்கள். அந்த இரைச்சலில் தொழிலாளர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு பெண் விரல்களை அசைத்ததும், "உங்களை வரவேற்கிறாங்க!" என்று மேனேஜர் கத்தினார். எல்லோரும் பதிலுக்குக் கையாட்டினார்கள், ரஞ்சிதத்தைத் தவிர. அவள் இருபது வருஷம் வேறொரு மில்லில் மெஷின் முன்னால் நின்றவள். அந்தப் பெண் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னது அவளுக்குப் புரிந்தது: 'ஆளுங்க வர்றாங்கன்னு காலையிலிருந்து கக்கூசுக்கு விடலக்கா. முடியல.'

ரஞ்சிதம் கைப்பையை மகனிடம் கொடுத்துவிட்டு, பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினாள். 'நீ போயிட்டு வா கண்ணு' என்று விரலால் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் மெஷினில் அறுந்த நூலை ஒட்டினாள். அந்தப் பெண் ஓடினாள். வரிசை முழுக்க விரல்கள் அசைந்தன.

"என்ன சொல்றாளுக?" என்று மேனேஜர் கத்தினார்.

"உங்களை வரவேற்கிறாங்க!" என்றாள் ரஞ்சிதம்.