அனாட்டமி இந்த வருஷமே

"அனாட்டமியை இந்த ஆகஸ்ட்டிலேயே போட்டுடுங்க சார். அடுத்த வருஷம் எல்லாம் வேண்டாம்."

லொரெயின் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். எதிரே இருந்த ஆலோசகர் ஹாலோரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர் கனவோடு பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு, எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று வழி சொல்வதுதான் அவர் வேலை. பிள்ளைகளைச் சமாளித்துவிடுவார். கூடவே பெற்றோரும் வந்து உட்கார்ந்தால்தான் அவருக்குத் தலைவலி.

"மேடம், ஆகஸ்ட் பருவத்துல டெஸ்ஸாவுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இருக்கு. பாதிப் பேரோட டாக்டர் கனவு அதுலதான் முடியுது. அனாட்டமியும் சேர்ந்தா பொண்ணு தூக்கத்தை மறந்துட வேண்டியதுதான். ரெண்டுலயும் மார்க் இறங்கும். அப்புறம் ஒரு மெடிக்கல் காலேஜும் திரும்பிப் பாக்காது."

"அப்ப கெமிஸ்ட்ரியைத் தள்ளி வைங்க."

"முடியாதே. அதை முடிச்சாத்தான் அடுத்த பாடம், அதுக்கப்புறம் நுழைவுத் தேர்வு. நகர்த்தறதுன்னா அனாட்டமியைத்தான் நகர்த்தணும். அதுவும் வருஷத்துல ஒரு தடவைதான் நடக்குது. அடுத்த ஆகஸ்ட்ல நிம்மதியா எடுக்கட்டும். சொல்லப்போனா, மெடிக்கல் காலேஜுக்கு அது கட்டாயமே இல்ல."

லொரெயின் சட்டென்று முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். "அப்ப எடுக்கவே வேண்டாமே, கண்ணு!"

"என்னம்மா பேசறே?" டெஸ்ஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஸ்கூல்ல தவளையை அறுத்த நாள்லேருந்து இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். இங்கதான் நிஜ மனுஷ உடம்பை வெச்சுக் கத்துக்குடுக்கறாங்க. அதுக்காகவே இங்க சேர்ந்தேன். செத்தாலும் விட மாட்டேன்."

"விடாதே. இந்த வருஷமே எடு."

"எடுத்து ஃபெயில் ஆகவா? ஸ்கூல் கேன்டீன்ல எத்தனை பீட்சா போடணும்னு உனக்குத் தெரியும். இது உனக்குத் தெரியாதும்மா. சும்மா இரு."

சொன்ன பிறகு டெஸ்ஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள். லொரெயின் கோபப்படவில்லை. வலது மணிக்கட்டில் இருந்த தீக்காயத் தழும்பைத் தடவிக்கொண்டாள். கேன்டீன் அடுப்பு எப்போதோ சுட்ட நீளமான தழும்பு. சிறு வயதில் கடைத்தெருக் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டால், டெஸ்ஸா முகங்களைப் பார்க்க மாட்டாள். அவள் உயரத்துக்குத் தெரிந்தவை கைகள்தான். அந்தத் தழும்பைத் தேடி ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாள்.

ஹாலோரன் சமாதானமாகச் சிரித்தார். "ஏன் மேடம் இவ்வளவு அவசரம்? போன வாரம் அனாட்டமி துறைக்கே வந்திருந்தீங்க போல? அங்க ஒருத்தர் கைகுலுக்கி வழியனுப்பினதைப் பாத்தேனே."

டெஸ்ஸாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க போனியா? எனக்குத் தெரியாமலா?"

லொரெயின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு இடம் குடுங்கன்னு கெஞ்சவா போனே? நான் என்ன பால்வாடிக் குழந்தையா? கூடப் படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சா மானமே போயிடும்!" அவள் எழுந்தேவிட்டாள். "சார், அடுத்த ஆகஸ்ட். அப்படியே போட்டுடுங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வெளியே ஏப்ரல் மாதத்திலும் வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் பனி கிடந்தது. டெஸ்ஸா காருக்கு அருகில் சாவியைச் சுழற்றியபடி நின்றாள். அம்மா வந்து சேர ரொம்ப நேரம் ஆனது. நடுவில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுடைய ஜீன்ஸ் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டுக்கு மேல் மடிந்து தொங்கியது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன டயட்டால் வந்தது என்று டெஸ்ஸா இன்னும் எரிச்சலானாள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு. எனக்காக யார் கால்ல விழுந்தே?"

"உனக்காகப் போகலடி."

"பின்னே அங்க உனக்கு என்ன வேலை?"

லொரெயின் காரின் மேல் சாய்ந்துகொண்டாள். "பரீட்சை எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். இந்தக் கிறிஸ்துமஸைப் பாத்தாலே பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பரவாயில்ல, சும்மா மண்ணுக்குள்ள போறதுக்குப் பதிலா, உன்னை மாதிரி பிள்ளைங்களுக்காவது உதவட்டும்னு உடம்பை இங்கயே எழுதிக் குடுத்துட்டேன்."

டெஸ்ஸாவின் கையிலிருந்து சாவி நழுவி விழுந்தது.

"அடுத்த ஆகஸ்ட் வகுப்புக்குத்தான் எடுப்பாங்களாம். பேரைக்கூட வெளிய சொல்ல மாட்டாங்களாம்" என்ற லொரெயின், மகளின் குளிர்ந்த விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டுத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டாள். "முகத்தை மூடித்தான் வெப்பாங்களாம், கண்ணு. ஆனா கையை மூட மாட்டாங்களாம்."