மூன்றாம் பாகம் எங்கே?

"முதுகுல நம்பர் ஒட்டி வச்சாப் போதுமா சார்? புத்தகம் கால் முளைச்சு நடந்துல்லா போயிருக்கு!"

சித்ரலேகா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சேரன்மகாதேவி கிளை நூலகத்தில் நாலு நாளாகச் சாயங்காலமானால் இதே சண்டைதான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, லைப்ரரி லீவு. சனிக்கிழமை விடியக்காலம் நான் ஏரலுக்குப் பஸ் ஏறணும். அங்கன டீச்சர் வேலை கெடைச்சிருக்கு. ரெண்டாம் பாகம் முடியும்போது அவன் தாலியக் கையில எடுத்துட்டான். கட்டினானா இல்லையான்னு தெரியாம நான் எப்படிப் போவேன்?"

நூலகர் சிவசைலத்துக்கு முகமெல்லாம் வியர்த்தது. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த வேகத்தில், மைதா மாவில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, நாலாயிரம் புத்தகங்களின் முதுகிலும் புதுச் சீட்டு ஒட்டியவன் அவன். சீட்டின் மேல்வரியில் பொருளுக்குரிய எண். கீழ்வரியில் எழுதியவர் பெயரின் முதலெழுத்து. பாகம் பாகமாக வந்த கதையென்றால் அந்த எண்ணும் உண்டு.

"636ன்னா மாடு, 340ன்னா சட்டம், 894ன்னா கதை. பச்சப்பிள்ளகூடக் கண்டுபிடிச்சு எடுத்துரும்னு சொன்னீங்களே! இப்ப உங்களாலயே முடியலையே?"

"பதிவேட்டுல யாரும் எடுத்ததா இல்லைங்க. இதுக்குள்ளதான் எங்கனயோ இருக்கணும்."

இருந்தாக வேண்டும். நாளைக்கு, லீவு நாளாகப் பார்த்து, இருப்புச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். மூன்றாம் பாகம் இல்லையென்றால் முதல் வேலையிலேயே மெமோ. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பெண் வெறுங்கையோடு, கோபத்தோடு ஊரைவிட்டுப் போய்விடுவாளே என்பதுதான் அவனைப் போட்டு அரித்தது.

புத்தகத்தை ஒளித்துவைப்பது அந்த நூலகத்துக்குப் புதிதல்ல. ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம்தான் கொடுப்பார்கள். கண்ணில் பட்ட அடுத்த புத்தகத்தை வேறு யாரும் கொண்டுபோய்விடக் கூடாதே என்று, சம்பந்தமில்லாத அலமாரியில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். முதுகில் எண் ஒட்டினபடியே இருக்கும். இடம் மட்டும் மாறியிருக்கும். இடம் மாறின புத்தகமும் ஆற்றோடு போன செருப்பும் ஒன்றுதான்.

"வாங்க, இன்னிக்கு ஒரு அலமாரி விடாமத் தேடிருவோம்" என்றான் சிவசைலம்.

நெல் சாகுபடிக்கு நடுவே ஒரு கோலப் புத்தகம் அகப்பட்டது. "இது தபாலாபீஸ் அக்கா வேலை" என்றாள் சித்ரலேகா. சைவ சித்தாந்தத்துக்குள்ளிருந்து துப்பறியும் நாவல் ஒன்று எட்டிப் பார்த்தது. சிவசைலம் அதை உருவியதும், பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் அருமைநாயகம் பதறி எழுந்தார்.

"தம்பி, அத அங்கனயே வையும் வே! சனிக்கிழமை எனக்கு வேணும்."

"வாத்தியாரே இப்படிச் செய்யலாமா சார்?"

"கொலகாரன் யாருன்னு தெரிய இன்னும் நாப்பது பக்கம் கெடக்கு. சித்தாந்தத்த இந்த ஊர்ல எவன் தொடுதான்? பத்திரமா இருக்கும்னுதான் வச்சேன்."

சித்ரலேகா சிரித்த சிரிப்பில் தட்டுத் தூசி பறந்தது. சிவசைலமும் சிரித்தான், ஆனால் அவன் கால்கள் மறுபடியும் கால்நடை வரிசைக்கே போயின. புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பின்னால் கையை விட்டுத் துழாவினான்.

"அங்கனயே எத்தன தடவ பாப்பீங்க? வீட்டுல மாடு எதுவும் சீக்காக் கெடக்கா?"

"இல்ல... ஒண்ணு விடாமப் பாக்கணும்லா. சரி, அடுத்தாப்ல சட்டம் பாப்போம்."

"சட்டத்த நான் நேத்தே பாத்துட்டேன். சமையல் பாக்கலாம், வாங்க."

சமையலில் ஒரு ஜோதிடப் புத்தகம் கிடைத்தது. ஜோதிடத்தில் ஒரு குழந்தை வளர்ப்பு. குழந்தை வளர்ப்பில் யாரோ மறந்து வைத்த பஸ் டிக்கெட். மூன்றாம் பாகம் மட்டும் இல்லை.

மணி ஏழாகப் போகிறது. பெருக்க வந்த சந்தனமாரி விளக்குமாற்றைத் தரையில் தட்டினாள்.

"நானும் நாலு நாளாப் பாக்குதேன். சண்டையும் போடுதிய, சிரிக்கவும் செய்யுதிய. நெசமாவே புத்தகந்தான் தேடுதியளா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சந்தனமாரி முணுமுணுத்தபடியே தூசித் துணியோடு சட்ட அலமாரியின் அடித்தட்டுக்குக் குனிந்தாள்.

"அங்கன வேண்டாம்க்கா, நேரமாச்சு..." என்று சித்ரலேகா ஓடி வருவதற்குள், தடித்தடியான புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை உருவி எடுத்துவிட்டாள் சந்தனமாரி.

"இந்தா கெடக்கே! சீட்டுல மூணுன்னு போட்டிருக்கு. இதானா பாருங்க."

அதுவேதான். அதிகாரி வந்தாலும் இனிப் பயமில்லை. சிவசைலம் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவனோ பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"சட்டத்துக்கு எப்படி வந்துச்சு?" என்று மனசுக்கு முந்தி வாய் பேசிவிட்டது. "திங்கக்கிழமை நான் மாட்டு வைத்தியத்துக்குள்ளல்லா ஒளிச்சு வச்சேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். அருமைநாயகம் கையிலிருந்த பேப்பரை மெதுவாக இறக்கினார்.

சித்ரலேகா புத்தகத்தை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் அதன் முதுகுச் சீட்டை விரலால் தடவினாள்.

"அங்கனயே இருந்தா நீங்க சட்டுன்னு கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்துல்லா, செவ்வாய்க்கிழமை நான் அத சட்டத்துக்கு மாத்தினேன்" என்றாள், பைய.