பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர்

காக்கைகூடச் செருப்புக் கேட்கும் சாத்தூர் வெயிலைச் சும்மா விடுவார்களா? வீட்டுக்கு வீடு கொல்லையில் கல் நிரம்பிய தொட்டியைக் கட்டி, பகலெல்லாம் சூட்டைச் சேர்த்து வைத்தார்கள். தொட்டியும் கல்லும் வீட்டுக்காரருக்கு, உள்ளேயிருந்த சூடு மட்டும் மின்வாரியத்துக்கு. வாரியம் அதை உறிஞ்சி மின்சாரமாக்கி நகரத்துக்கு அனுப்பும்.

அன்று நகரத்தில் கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஆட்டம் முடியும்வரை ஊருக்கு மின்சாரம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். விறகோ ஊரில் யாரும் கண்ணால் கண்டே பல காலம். அன்றைக்குத்தான் அன்னபாக்கியத்தின் மகள் எஸ்தருக்குப் பிள்ளை பெற்ற பிறகு முதல் தலைக்குளியல்.

அன்னபாக்கியம் தொட்டியைத் திறந்தாள். பழுக்கக் காய்ந்த கல் ஒன்றை இடுக்கியால் தூக்கி, வேப்பிலை மிதந்த அண்டாவில் போட்டாள். எழுந்த சீற்றத்தில், ரயில் வந்துவிட்டதென்று நாலு பேர் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

தொட்டியில் வாரியம் மாட்டியிருந்த ஒலிபெருக்கி அலறியது. "அம்மா, அது வாரியத்துச் சூடு! கல்லைத் திருப்பி வைங்க!"

"தம்பி, ஒன்னப் பெத்துட்டு ஒங்கம்மா பச்சத் தண்ணியிலயா குளிச்சா?"

"அதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? இங்க மைதானத்துல விளக்கு மங்குது!"

"மங்கட்டும். எம் மக இடுப்பு விட்டுப்போய்க் கெடக்கா. பந்தைத் தடவித் தேடச் சொல்லு."

விளாவிய வெந்நீரை அவள் மகளின் இடுப்பில் ஓங்கி ஊற்றினாள். எஸ்தர் கண்ணை மூடி, "ஆத்தாடி... இன்னும் ஊத்தும்மா" என்றாள்.

"கடைசி ஓவரும்மா!" என்று கெஞ்சியது ஒலிபெருக்கி.

அன்னபாக்கியம் அடுத்த கல்லுக்கு இடுக்கியை நீட்டினாள்.