திருப்திக்கு உத்தரவாதம்

அந்த ரோலர் கோஸ்டரில் திருப்திக்கு உத்தரவாதம் உண்டு. ஏறிய ஒவ்வொருவருடைய நாடித்துடிப்பும் ஒருமுறையாவது நூற்று முப்பதைத் தொட்டால்தான் வண்டி நிற்கும், மடியை அழுத்தும் கம்பி திறக்கும்.

இது பதினோராவது சுற்று. மற்ற எல்லோரும் முதல் சுற்றிலேயே தொட்டுவிட்டார்கள். அருள்வேந்தனின் சீட்டுக்கு எதிரே துடிப்பைக் காட்டும் திரை மட்டும் எழுபத்தாறைத் தாண்டவில்லை. அறுநூறு கோஸ்டர் பார்த்த உடம்பு. தலைகீழாகத் தொங்கும்போதும் கொட்டாவிதான் வந்தது.

"யோவ், பயந்து தொலையேன்யா!" பின்னாலிருந்து ஒருவர் வாந்திக்கு நடுவே கத்தினார்.

"முயற்சி பண்றேன் சார்." கண்ணை மூடிப் பாம்பை நினைத்தான். எழுபத்தெட்டு.

பக்கத்தில் மனைவி சுகிர்தா. பன்னிரண்டு வருஷமாக எந்த லீவு வந்தாலும் இப்படித்தான், அவன் பக்கத்துச் சீட்டில். வண்டி உச்சியைத் தொட்டபோது அவள் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, நான் தனியா வீடு பாத்துட்டேன். திங்கட்கிழமை போயிடுவேன்."

நூற்று நாற்பத்திரண்டு.

வண்டி நின்றது. கம்பிகள் திறந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பிரமாதமான ஐடியா சுகி! நிஜம்னே நம்பிட்டேன்."

"சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அவன் மடியில் கம்பி இல்லை. இருந்தும் எழ முடியவில்லை. எதிரே திரையில் எண் ஏறிக்கொண்டே போனது.